பழி பேட்டரி மேல்

எங்கள் தொழிலில் அதிகமாகப் பொய்ப்பழி சுமப்பது பேட்டரிதான். காலையில் செல்ஃப் எடுக்கவில்லையா, பேட்டரி போச்சு. ஹெட்லைட் மங்குகிறதா, பேட்டரி போச்சு. ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புதுசு வாங்கி மாட்டுவார்கள். ரெண்டு மாசத்தில் அதுவும் படுத்துக்கொள்ளும். பேட்டரி எதையும் உற்பத்தி செய்வதில்லை. கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டு கேட்டபோது திருப்பிக் கொடுக்கிற பாத்திரம் அது. கொடுக்க வேண்டியது ஆல்டர்னேட்டர். எங்கள் பக்கத்தில் இன்னும் அதை டைனமோ என்றுதான் சொல்கிறோம்.

நல்லம்பள்ளி, தருமபுரிக்கும் தொப்பூர் கணவாய்க்கும் நடுவில் சேலம் - பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிறது. ராத்திரியில் விளக்கு, ஏசி, வைப்பர் எல்லாம் போட்டு வருகிற வண்டியில் டைனமோ வேலை செய்யவில்லை என்றால் பேட்டரியில் இருப்பதைத் தின்றே வண்டி ஓடும். தீர்ந்த இடத்தில் நிற்கும்.

கோளாறு பார்ப்பது மந்திரமில்லை. சில மணிநேரம் ஓய்ந்திருந்த பேட்டரியில் மீட்டரை வை. 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே என்றால் காலி மாதிரிதான். இன்ஜினை ஓட்டி மறுபடி வை. 13.8இலிருந்து 14.5க்குள் காட்டினால் டைனமோ கொடுக்கிறது. ஓடும்போதும் 12தான் என்றால் கொடுக்கவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுப்போய் அளவுக்கு மீறிக் கொடுக்கிறது. பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும். இப்போது வருகிற சில வண்டிகளில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கிறது. அங்கே ஒரே ஒரு அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கொடுக்கவில்லை என்றாலும் உடனே டைனமோவைக் கழற்றாதே. பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா? சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிகிறதா? பல வண்டிகளில் அந்த விளக்கின் வழியாகப் போகிற கொஞ்சம் மின்சாரம்தான் டைனமோவை முதலில் எழுப்புகிறது. விளக்கு எரியவே இல்லை என்றால் பல்பு போயிருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம். பிறகு, லோடு போட்டு டைனமோவின் பாசிட்டிவுக்கும் பேட்டரியின் பாசிட்டிவுக்கும் நடுவில் அள. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கேயோ தொலைகிறது. எர்த் பக்கமும் அப்படியே. இதெல்லாம் சரி என்றால்தான் கார்பன் பிரஷ், டயோடு என்று உள்ளே போக வேண்டும். டயோடு கெட்டால் சும்மா நிற்கிற வண்டியிலும் ராத்திரி முழுக்க பேட்டரி வடியும்.

இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஏழு வருஷம் ஆனது. விஷயம் கஷ்டமானது என்பதால் அல்ல. பதினாறு வயசில் நான் சேர்ந்த பட்டறையில் காலனிப் பையன்கள் நாலு பேர் இருந்தோம். வண்டி கழுவுவது, கிரீஸ் அடிப்பது, பேட்டரி ஆசிட் துடைப்பது எங்களுக்கு. ஆசிட் பட்டுப் பட்டு எங்கள் சட்டையெல்லாம் சல்லடை. மீட்டர் மட்டும் முதலாளியின் டிராயரில் பூட்டியிருக்கும். கழற்றுவது நாங்கள், என்ன கோளாறு என்று சொல்வது அவர். ஒருநாள் நானும் வைத்துப் பார்க்கிறேன் என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: “அது எதுக்குடா ஒனக்கு? ஒங்கப்பன் சாவுச்சேதி சொல்லப் போனான். நீ ஸ்பானர் புடிக்கிற. இது போதாதா?”

சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரிப்பது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். அதை நான் படித்தது பிற்பாடு. ஆனால் அந்த டிராயர் பூட்டில் அதைப் பார்த்திருந்தேன். கை வேலை யாருக்கு, கண்டுபிடிக்கிற வேலை யாருக்கு என்பதுதான் பட்டறைக்குள் இருக்கிற ஊரும் சேரியும்.

எனக்கு மீட்டரைக் கையில் கொடுத்தது பெங்களூரு. ஜே.சி. ரோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் ஃபோர்மேனாக இருந்த பாய், சேர்ந்த ரெண்டாம் நாளே நீட்டினார். “யூகம் பண்ணாத தம்பி, அளந்து பாரு” என்றார். எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை.

திரும்பி வந்து இங்கே கடை போட்ட பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவர் காரோடு வந்தார். “ஏம்ப்பா, புது பேட்டரி போட்டு ஆறு மாசம்கூட ஆவல, படுத்துக்கிச்சி. வேற கம்பெனி பேட்டரியாப் போட்டுடு.”

“இருங்கண்ணா, மொதல்ல பாத்துடலாம்.”

சாவியைத் திருப்பினால் பேட்டரி விளக்கு எரியவில்லை. டைனமோவுக்குப் போகிற ஒயர் எலி கடித்து அறுந்திருந்தது. ஒட்டுப்போட்டு ஓட்டினேன், 14.2 வந்தது. அவருக்கு நம்பவே முடியவில்லை. பணம் கொடுத்தார், கெட்டிக்காரன் என்றார். அப்புறம் கேட்டார்: “எந்த ஊருப்பா நீ? அங்க எந்தப் பக்கம்?” அதுவும் ஒரு மீட்டர்தான். சொன்னேன். பையன் வாங்கி வந்த டீ அவர் கையில் அப்படியே இருந்தது. கீழே வைத்துவிட்டுப் போனார். அடுத்த முறையும் வண்டி என்னிடம்தான் வந்தது. டீ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

2012 நவம்பர் 7ஆம் தேதி நாயக்கன்கொட்டாய் பக்கத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 200க்கும் அதிகமான வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். காதல் கல்யாணம்தான் காரணம் என்றார்கள். ஜீன்ஸ் பேண்ட், கூலிங் கிளாஸ் என்று மேடையில் பேசினார்கள். எனக்கு இது தெரிந்த பேச்சாக இருந்தது: விளக்கு மங்கினால் பேட்டரியைத் திட்டுகிற பேச்சு. பெண்ணும் பையனும் விரும்பியது கோளாறு அல்ல. அதைத் தாங்க முடியாத இடம் எதுவோ அங்கேதான் கோளாறு. கொளுத்தியது எதை என்று பாருங்கள். பீரோ, டிவி, பைக், சர்டிபிகேட். பெங்களூருக்கும் மற்ற ஊர்களுக்கும் போய் உழைத்து வருஷக்கணக்கில் சேர்த்து வைத்தவை. எரிந்த பைக்கில் பேட்டரியின் பிளாஸ்டிக் உருகிப்போய் ஈயம் மட்டும் மிஞ்சும். நம் மக்கள் கொஞ்சம் சேர்த்து வைத்துவிட்டார்கள் என்பதுதான் அவர்களுக்கு உறுத்தியது.

இப்போது என் கடையில் மூன்று பையன்கள். ரெண்டு பேர் காலனி, ஒருத்தன் ஊர்ப் பக்கம். மீட்டர் ஆணியில் தொங்குகிறது, பூட்டு இல்லை. வண்டி வந்ததும் மூன்று பேரும் தனித்தனியாக அளந்து, தாளில் எழுதி, என்ன கோளாறு என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் ஸ்பானர். படிக்கிற தம்பிகள், சங்கத்துத் தோழர்கள் இந்தப் பக்கம் வந்தால் அரைநாள் உட்கார்ந்து பாருங்கள். ஒரு கேள்விக்கு மூன்று பதில் வரும்போது பையன்கள் சண்டை போடுவார்கள். சண்டையை மீட்டர் தீர்த்து வைக்கும்.