அணைந்து அணைந்து எரிந்த கீசர்

மூன்று நாளாக எங்கள் வீட்டு கீசர் பாதியிலேயே நின்றுவிடுகிறது. பெங்களூரு டிசம்பர் குளிரில் அம்மாவுக்கு ஒரு வாளி வெந்நீர் நிறைவதற்குள் விளக்கு அணைந்துவிடும். கட்-அவுட் பொத்தானை அழுத்தினால் வரும். மறுநாள் திரும்பவும் அதே கதை.

இன்று எலக்ட்ரீஷியன் தம்பி வந்து காயிலைக் கழற்றினார். சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக உப்பு அப்பியிருந்தது. "காவிரித் தண்ணி இல்லாத ஏரியாக்கா, எல்லாம் போர் தண்ணி" என்றார்.

போர் தண்ணீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சூடேறும்போது காயிலில் படிகின்றன. சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தேங்குகிறது. அளவு மீறியதும் கட்-அவுட் மின்சாரத்தைத் துண்டிக்கிறது.

"சில பேர் கட்-அவுட்டை எடுத்துட்டு நேரா கனெக்ஷன் கொடுக்கச் சொல்றாங்க. நான் செய்யவே மாட்டேன்க்கா." அந்த ஒரு வார்த்தைக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. தெர்மோஸ்டாட் பழுதாகும் நாளில் தொட்டி வெடிக்காமல் காப்பதில் அந்தச் சின்னப் பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு.

காயிலையும், தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மக்னீசியம் ராடையும் மாற்றிவிட்டோம். போர் தண்ணீர் வீட்டுக்காரர்களே, ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். சூட்டை 60 டிகிரிக்குள் வையுங்கள். கீசர் அடிக்கடி நின்றால், பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள். அது நம் உயிருக்காகத்தான் நிற்கிறது.