அப்பாவின் கண்ணும் 1600 புள்ளியும்

பி.காம். படித்துவிட்டு பேங்கில் ஆணி பிடுங்குகிறவன் லினக்ஸ் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீங்க மக்களே.

மாற்றலாகி வலியசாலைக்கு வந்து மூன்று வருஷம். திருநெல்வேலியிலிருந்து அப்பாவும் கூடவே வந்துவிட்டார். கட்டற்ற மென்பொருள் அமைப்பின் இந்தியக் கிளையை 2001ல் ஸ்டால்மன் வந்து தொடங்கி வைத்த ஊர் இது. பள்ளிக்கூடத்திலேயே லினக்ஸ்தான். மகளுக்காக வீட்டிலும் அதுவே. காலையில் அதில் ஊர்ச் செய்தி படிப்பதுதான் அப்பாவுக்குப் பொழுதுபோக்கு.

பழைய மானிட்டர் செத்துப்போய் வேறொன்று வந்தது. 20 இன்ச், 1600க்கு 900. கேபிள் பொருந்தாமல் நடுவில் ஓர் அடாப்டர். படம் வந்ததும் நான் ஆபீசுக்கு ஓடிவிட்டேன். மார்ச் மாசம் சார், வேறென்ன செய்ய!

ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன், அப்பா அந்தப் பக்கமே போவதில்லை.

"கண்ணு போயிட்டுடே. மூணு சுழியும் ரெண்டு சுழியும் ஒண்ணாத் தெரியுது. உனக்கு எதுக்குச் செலவுன்னு சொல்லல."

உட்கார்ந்து பார்த்தால் எனக்கும் ஒன்றாகத்தான் தெரிந்தது! எழுத்தெல்லாம் பக்கவாட்டில் வீங்கி, அழிந்த கோலம் மாதிரி.

மானிட்டர் தன் அளவுகளை இடிஐடி என்ற தகவலாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். நம்ம பாஷையில் கேஒய்சி. அடாப்டர் அதை முழுங்கிவிட்டது. கேஒய்சி இல்லாத கஸ்டமருக்கு 1024க்கு 768 போதும் என்று லினக்ஸ் கொடுத்துவிட்டது. செட்டிங்ஸில் 1600 என்பதே இல்லை.

டெர்மினலில் சிவிடி கட்டளைக்கு 1600, 900, 60 என்று கொடுத்தால் மோட்லைன் என்று ஒரு வரி எண்கள் வரும். அதில் 118.25, 2112, 934 மூன்றையும் பார்த்ததும் கை சும்மா இருக்குமா? கால்குலேட்டரை எடுத்தேன். 2112ஐ 934ஆல் பெருக்கி, 11.825 கோடியை அதால் வகுத்தால் 59.95. நொடிக்கு அத்தனை தடவை திரை புதுப்பிக்கப்படுகிறது. டேலி! 1600க்கு மேலே உள்ள 512, பழைய டியூப் மானிட்டரில் கதிர் அடுத்த வரிக்குத் திரும்ப விட்ட இடைவெளி.

அப்புறம் எக்ஸ்ரேண்ட்ஆர். நியூமோட் புதுக் கணக்கு திறப்பது, ஆட்மோட் அதை நம் போர்ட்டோடு இணைப்பது, அவுட்புட் பணம் எடுப்பது. போர்ட்டின் பெயர் வெறும் எக்ஸ்ரேண்ட்ஆர் அடித்தாலே தெரியும். ரீஸ்டார்ட் செய்தால் மறந்துவிடும் என்பதால் மூன்று வரியையும் டாட் எக்ஸ்ப்ரொஃபைல் கோப்பில் போட்டேன். வேலேண்டில் இது நடக்காது, லாகினில் எக்ஸார்க் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

அப்பா கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் முழுக்கச் சத்தமாகப் படித்தார்.

சனிக்கிழமை கண் டாக்டரிடம் டோக்கன் போட்டிருக்கிறேன். "அதான் திரையச் சரி பண்ணிட்டியேடே" என்கிறார்.