யாரு தாத்தா தீ வச்சா?

"அப்பாயி, மூச்சு விட முடியல..."

போன வருஷம் புரட்டாசிக் கடைசியில் ஒரு ராத்திரி, ஆறு வயதுப் பேரன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். நெஞ்சுக்குள் விசில் மாதிரி சத்தம். மகன் பைக்கை எடுக்க, பிள்ளையை மடியில் அணைத்தபடி பின்னால் உட்கார்ந்தேன். பாபநாசம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்த பிறகுதான் இளைப்பு அடங்கியது.

"வீட்ல யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா? கொசுவர்த்தி வைப்பீங்களா? பக்கத்துல ஏதாவது எரிச்சாங்களா?" டாக்டர் கேட்டார்.

நானும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்று சாயங்காலம் எங்கள் வயலில்தான் வைக்கோலைக் கொளுத்தியிருந்தோம். "ஏற்கெனவே சளி. அதோட புகையும் சேர்ந்துடுச்சு" என்றார் டாக்டர்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் வைக்கோல் என்றால் லட்சுமி. போர் போட்டு, வருஷம் முழுக்க மாட்டுக்குப் போடுவோம். இப்போது அறுவடை மெஷின் வயல் முழுக்க வைக்கோலை உதறிவிட்டுப் போகிறது. கொட்டிலில் மாடும் இல்லை. குறுவை அறுத்த கையோடு தாளடி நட வேண்டும். ஒரு தீக்குச்சியில் வேலை முடிந்துவிடுகிறது.

முடிந்தது என்றுதான் நினைத்திருந்தோம். ஆனால், புகையிலிருக்கும் நுண்துகள் 2.5 மைக்ரான் அளவுதான். தலைமுடித் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம்வரை போய்விடும். குழந்தைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறார்கள். அவர்களின் நுரையீரலும் வளர்ந்துகொண்டிருக்கிறது. உலகில் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 93 சதவீதம் பேர் மாசடைந்த காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள் என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இதையெல்லாம் டெல்லிக் கதை என்று டி.வி-யில் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

மறுநாள் திண்ணையில் பேரன் கேட்டான்: "யாரு தாத்தா தீ வச்சா?"

என் வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இந்த வருஷம் அவரே வைக்கோல் கட்டும் மெஷினுக்குச் சொன்னார். வண்டி வரத் தாமதமாகி, நடவு நாலு நாள் தள்ளிப்போனது. முணுமுணுத்தார், ஆனால், தீப்பெட்டியைத் தொடவில்லை. கட்டுகளை மாட்டுக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார்.

நேற்று சாயங்காலம் பக்கத்து வயலில் புகை எழுந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேரனின் இன்ஹேலரை எடுத்து வைத்தேன். திட்ட வாய் வரவில்லை. போன வருஷம் நாங்கள் செய்ததைத்தானே அவர்கள் செய்கிறார்கள்?

வைக்கோல் மெஷின்காரரின் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு, இவர் மட்டும் வரப்பில் இறங்கி அந்தப் பக்கம் நடந்தார்.