வாய்க்காலுக்கு மேற்கே

சனி, ஞாயிறு மாலைகளில் துய்மா வீதியில் நடக்க இடமிருக்காது. மஞ்சள் சுவருக்கு முன்னால், காகிதப்பூக் கொடிக்குக் கீழே, எங்கும் படம் எடுக்கும் கூட்டம். வருகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அந்தச் சுவர்தான் புதுச்சேரி என்று ஊர்க்காரர்களே நம்பத் தொடங்கிவிட்டார்களே என்பதுதான் என் வருத்தம். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமுமாக நிற்கும் தமிழ் வீடுகளும் இந்த ஊர்தானே?

யான் மார்ட்டலின் ‘லைஃப் ஆஃப் பை’ நாவல் 2001இல் வந்தது. மறு ஆண்டே புக்கர் பரிசு பெற்றது. வெளியூர் எழுத்தாளர் ஒருவர் நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் உள்ளூர்ப் பெரியவர் ஒருவரைச் சந்திப்பதிலிருந்து கதை பிறக்கிறது. வந்தவர் காதுகொடுத்துக் கேட்கும் அந்தத் தொடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் கதை கப்பல் ஏறியதும் ஊர் கரையிலேயே நின்றுவிடுகிறது. 2012இல் ஆங் லீயின் படம் வந்த பிறகு, தாவரவியல் பூங்காவில் புலிக்கூண்டு எங்கே என்று விசாரித்த ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். கதையில் அங்கே வரும் மிருகக்காட்சிசாலை நாவலாசிரியரின் கற்பனை.

இந்த மண்ணில் 1945இல் பிறந்த பிரபஞ்சன் காட்டும் ஊர் வேறு. ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து எழுந்தவை. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷாக இருந்த பிள்ளை, 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதையும் எழுதிவைத்தவர். 1995இல் ‘வானம் வசப்படும்’ சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. பிரெஞ்சுக் காலம் என்றால் பால்கனியும் வளைவு வாசலும் என்று நினைத்திருந்த எனக்கு, அதற்குள் அச்சமும் பேரமும் சாதிச் சண்டையும் இருந்ததை உணர்த்தியவை இந்த நாவல்கள்தாம். சுற்றுலாக் கையேடு கழித்துவிடும் பகுதியைத்தான் அவர் கதையாக்கினார்.

இன்றைய ஊருக்கும் அப்படியொரு நாவல் வேண்டும். பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்த தாத்தாவின் பென்ஷனில் நிமிர்ந்த குடும்பம்; முற்றம் வைத்த வீட்டைப் பராமரிக்க வழியின்றி ஓட்டலுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, லாசுப்பேட்டை அடுக்குமாடியில் குடியேறியிருக்கிறது. பாரிசிலிருந்து வரும் பேத்தி, பாட்டி பிள்ளை பெற்ற அறையில் இரவு வாடகை கொடுத்துத் தங்குகிறாள். இதை வெளியூர்க்காரர் எழுதினாலும் ஆவலோடு படிப்பேன். வாய்க்காலுக்கு மேற்கே வளர்ந்தவர் எழுதினால், அறை வாடகையோடு அண்ணன் தம்பிகளின் பாகப்பிரிவினை வழக்கும் கதைக்குள் வரும்.