பாட்டியைச் சுருக்கினேன்!

பத்திரிகை ஆபீஸில் பத்து வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். படங்களைப் பக்கத்துக்குத் தகுந்தபடி சுருக்குவதும் நறுக்குவதும் எனக்குத் தினசரி அலுவல். அப்படிப்பட்ட நானே என் வீட்டில் செய்த அசட்டுத்தனத்தை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

ஒரு நாள் மாடியில் பாட்டி வடாம் பிழிந்துகொண்டிருந்தாள். காக்கை ஒன்று வந்து அவள் கிண்ணத்திலேயே உட்கார்ந்தது. அதைப் பார்த்துப் பாட்டி சிரித்த சிரிப்பைச் சட்டென்று செல்போனில் பிடித்துவிட்டேன். போட்டோ என்றாலே விறைத்துக்கொள்ளும் பாட்டி, பாக்கியிருந்த ஒற்றை முன்பல் தெரியச் சிரித்தது அந்த ஒரு படத்தில்தான்.

பிறகு அக்கா பிள்ளை வங்கிப் பரீட்சைக்கு மனுப் போட்டான். போட்டோ 20 முதல் 50 கிலோபைட்டுக்குள் இருக்கவேண்டுமாம். "சித்தி, நீங்கதான் செய்து தரணும்" என்றான். இரண்டு நிமிஷத்தில் சுருக்கிக் கொடுத்தேன். பையன் முகத்தில் ஆச்சரியம். எனக்குத் தலைகால் புரியவில்லை. 'இடமில்லை, இடமில்லை' என்று என் செல்போனும் நாலு நாளாக முனகிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரியே உட்கார்ந்து, இருந்த படங்களை எல்லாம் நீளம் 1080 பிக்ஸல் என்று சுருக்கி, அதே பெயரில், பழைய படத்தின் மேலேயே சேமித்துவிட்டேன்.

பிக்ஸல் என்பது வேறொன்றுமில்லை, கோலப் புள்ளிதான். பாட்டியின் படத்தில் அகலத்தில் 3000, உயரத்தில் 4000. பெருக்கிப் பாருங்கள்: ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள்! சுருக்கிய பிறகு 810-க்கு 1080. ஒன்பது லட்சம்கூட இல்லை. பதினாலு பங்கில் ஏறக்குறைய பதின்மூன்றைப் பெருக்கித் தள்ளிவிட்டேன். செல்போன் திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதுதான் இதிலுள்ள மோசம்.

போன வருஷம் பாட்டி காலமானாள். பன்னிரண்டுக்குப் பதினாறு அங்குலத்தில் அந்தப் படத்தையே சட்டம் போடுவது என்று எல்லோரும் தீர்மானித்தோம். ஸ்டூடியோப் பையன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். நன்றாக அச்சாக அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 250 இருந்தாலும் சமாளிக்கலாம். என் பழைய படத்தில் சரியாக 250 இருந்திருக்கும். இப்போது 67! சித்திக்கு அனுப்பியிருந்தேனே என்று ஓடினேன். வாட்ஸப் தன் பங்குக்கு அதையும் சுருக்கித்தான் கொடுத்திருந்தது. 'டாக்குமென்ட்' என்று அனுப்பியிருந்தால் உள்ளது உள்ளபடி போயிருக்கும்.

"கவலைப்படாதீங்க அக்கா, ஏ.ஐ. போட்டுப் பெரிதாக்கலாம்" என்றான் பையன். ஆக்கினான். பளபளவென்று வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சித்தியிடம் நீட்டினேன்.

"ஏண்டி, யார் இந்த மாமி?" என்றாள் சித்தி.

வாஸ்தவம். சுருக்கங்களில் பாதியைக் காணோம். ஒற்றைப் பல்லுக்குப் பக்கத்தில் வரிசையாகப் பல் முளைத்திருந்தது. தூக்கிப் போட்ட புள்ளிகளை அந்த யந்திரம் எங்கிருந்து கொண்டுவரும்? தானாக ஊகித்து இட்டு நிரப்பியிருந்தது.

படத்தைச் சுருக்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நாலு மெகாபைட் படத்தை அப்படியே வலைத்தளத்தில் ஏற்றினால் பார்க்க வருகிறவர் காத்துக் கிடக்கவேண்டும். இன்ஸ்டாகிராமுக்கு 1080 அகலம் தாராளம். ஆனால் முதலில் ஒரு நகல் எடுத்து, நகலைச் சுருக்கி, அதற்கு வேறு பெயர் கொடுங்கள். அகலத்தை மாற்றும்போது உயரமும் கூடவே மாறும்படி பூட்டு ஒன்று இருக்கும். அதைத் திறந்துவிட்டால் கொடிபோன்ற கல்யாணப்பெண்கூடப் பூரியாய் உப்பிவிடுவாள்! ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேய்கிறது; ஆகவே மூலத்திலிருந்து ஒரே தடவை சுருக்குவது மேல். மூலப்படத்துக்குச் செல்போனில் இடமில்லையா? கம்ப்யூட்டரில் ஒன்றும் பென்டிரைவில் ஒன்றுமாக வைத்துவிட்டு அப்புறம் அழியுங்கள்.

அந்த மாமியைச் சித்தி சட்டத்துக்குள் விடவில்லை. இருக்கிற புள்ளிகளுக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவே போடச் சொன்னாள். மூன்றரை அங்குல உயரம் தேறிற்று. இப்போது கூடத்து அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையில் எடுத்துத்தான் பார்க்கிறார்கள். பல் ஒன்றுதான்.