அடுக்கி ஆக்கும் தொழில்

பொருளை ஆக்கும் வழிகள் பல. சிற்பி கல்லில் வேண்டாத பகுதியை உளியால் நீக்குகிறான். எஞ்சி நிற்பது சிலை ஆகிறது. தச்சன் மரத்தை அறுத்தும் இழைத்தும் கதவு செய்கிறான். அவன் காலடியில் மரச்சுருள் குவிகிறது. இவை குறைத்து ஆக்கும் தொழில்கள். வார்ப்புத் தொழிலாளி உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றுகிறான். இது வார்த்து ஆக்கும் தொழில். இவற்றின் வேறான வழியும் ஒன்று உண்டு. சிற்றூர்களில் மண்சுவர் எழுப்புவோர், குழைத்த மண்ணை முதலில் ஒரு முழ உயரத்திற்கு வைப்பர். அது காய்ந்து இறுகியபின் அதன்மேல் அடுத்த முழம் வைப்பர். இங்கு எதுவும் வெட்டி எறியப்படுவதில்லை; வேண்டிய இடத்தில் வேண்டிய மண் மட்டுமே சேர்கிறது. குளவி கூடு கட்டுவதும் இம்முறையிலேதான். இதனைச் சேர்த்து ஆக்கும் தொழில் எனலாம்.

தொன்மையான இம்முறை கணிப்பொறியின் துணையால் நுண்மை பெற்று, இந்நாளில் முப்பரிமாண அச்சு என்னும் பெயரால் வழங்குகிறது. அச்சு என்றதும் தாளில் எழுத்துப் பதிப்பதே நினைவுக்கு வரும். தாளில் பதிந்த மைக்கு நீளமும் அகலமும் புலப்படும், உயரம் புலப்படாது. ஆனால், பதிந்த மை இறுகியபின் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் பதித்துக்கொண்டே சென்றால், சிறிது சிறிதாக உயரமும் உண்டாகும் அன்றோ? இவ்வெளிய கருத்தே இத்தொழிலின் அடிப்படை.

செய்ய வேண்டிய பொருளின் வடிவம் முதலில் கணிப்பொறியில் வரையப்படுகிறது. வெளித்தோற்றம் மட்டுமன்றி, உள்ளே அமையவேண்டிய துளையும் குழிவும் வளைவும் அவ்வரைபடத்தில் இடம்பெறும். பின்னர்க் கணிப்பொறி அவ்வடிவத்தை, வெள்ளரிக்காயை வில்லை வில்லையாக அரிவதுபோல, மெல்லிய அடுக்குகளாகப் பகுத்துக்கொள்கிறது. ஓர் அடுக்கின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு எனக் கொள்வோமாயின், 5 சென்டிமீட்டர் உயரமுள்ள பொருளுக்கு 500 அடுக்குகள் வேண்டும். பொறியானது அடி அடுக்கில் தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அவற்றை ஆக்கிக்கொண்டு மேலே செல்கிறது. ஒவ்வோர் அடுக்கும் தனக்குக் கீழுள்ளதனோடு ஒட்டி ஒன்றாகிவிடுகிறது.

ஒளி பட்டால் இறுகும் நீர்மத்தைக் கொண்டு இவ்வாறு பொருள் ஆக்கலாம் என்பதை, ஜப்பானில் நகோயா நகரத் தொழில் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹிடியோ கொடாமா 1981ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். அவருடைய முயற்சி அப்போது தொழிலாக வளரவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சார்லஸ் ஹல் என்னும் பொறியாளர், மேசைகளின் மேற்பூச்சைப் புற ஊதாக் கதிரால் இறுகச் செய்யும் நிறுவனம் ஒன்றில் பணியாற்றி வந்தார். புதிய பொருளுக்கு மாதிரி ஒன்று செய்ய வேண்டுமானால், அதற்குரிய வார்ப்பு அச்சுக்காக அந்நாளில் வாரக்கணக்கில் காத்திருத்தல் வேண்டும். ஒரு பூச்சு கதிர்பட்டு இறுகுமானால், பூச்சின்மேல் பூச்சாகப் பல நூறு பூச்சுகளையும் இறுகச் செய்து ஒரு பொருளையே எழுப்பலாகாதோ என்று அவர் எண்ணினார். இரவு வேளைகளிலும் ஓய்வு நாள்களிலும் இடைவிடாது ஆராய்ந்தார். 1983ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் எண்ணியது கைகூடியது. அன்று அப்பொறி ஆக்கித் தந்தது, கண் கழுவுவதற்கு உதவும் சிறு கிண்ணம் ஒன்று. 1986ஆம் ஆண்டில் அம்முறைக்கு அவர் காப்புரிமை பெற்றார்.

இத்தொழிலில் இன்று பல முறைகள் உள்ளன. அவற்றுள் மூன்று குறிப்பிடத்தக்கவை. ஹல் கண்ட நீர்ம முறை முதலாவது. இரண்டாவது தூள் முறை. பிளாஸ்டிக்குத் தூளையோ உலோகத் தூளையோ மெல்லிய படலமாகப் பரப்பி, அதன்மேல் லேசர் கதிரைக் கோடு கோடாகச் செலுத்துவர். கதிர் பட்ட இடம் வெப்பத்தால் இளகி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும்; படாத இடம் தூளாகவே கிடக்கும். அதன்மேல் அடுத்த படலம் பரப்பப்படும். எல்லாம் முடிந்தபின் தூளை அகற்றினால், புதைந்து கிடந்த பொருள் வெளிப்படும். மூன்றாவது இழை முறை. முறுக்கு உழக்கின் துளைவழியே மாவு இறங்குவதுபோல, சூடேறிய நுண்குழல் வழியே உருகிய பிளாஸ்டிக்கு இழையாக இறங்கும். குழல் நகரும் வழியெல்லாம் இழை படிந்து இறுகும். ஆயினும், கீழே தாங்குவது ஒன்றும் இல்லாத வெற்றிடத்தில் இழை நில்லாது. ஆதலால், தளம் போடுவோர் முட்டுக் கொடுத்துப் பின்னர் அதனை எடுத்துவிடுவதுபோல, இப்பொறியும் தாங்குகால்களைத் தானே ஆக்கிக்கொள்ளும். பொருள் முடிந்ததும் அவை ஒடித்து நீக்கப்படும்.

இனி, இதனால் விளையும் நன்மை யாது எனின், அதனை ஒரு வாளியை நினைந்து அறியலாம். பிளாஸ்டிக்கு வாளி வார்ப்பதற்கு உறுதியான எஃகு அச்சு வேண்டும். அதனைச் செய்யப் பெரும்பொருள் செலவாகும். ஓர் இலட்சம் வாளிகள் வார்த்தால், அச்செலவு பங்காகி வாளிக்குச் சிறு தொகையாகக் குறைந்துவிடும். ஒரே ஒரு வாளி வேண்டுமெனில், செலவு முழுவதும் அதன் தலையிலேயே விழும். ஆகவேதான் தொழிற்சாலைகள் ஒரே அளவான பொருளைப் பல்லாயிரக்கணக்கில் செய்கின்றன; அளவு பொருந்தாதவர் பொருந்தியமட்டில் பயன்படுத்திக்கொள்கின்றனர். முப்பரிமாண அச்சுக்கோ தனி வார்ப்பச்சு வேண்டுவதில்லை. வரைபடத்தை மாற்றினால் பொருளும் மாறும். நூறு பேருக்கு நூறு வேறு வேறு அளவுகளில் செய்தாலும், அதன்பொருட்டுப் புதிய அச்சுச் செலவு நேராது.

வாளி சற்றுப் பெரிதாயினும் சிறிதாயினும் கேடில்லை. மனித உடலில் பொருத்தும் பொருள் அத்தகையது அன்று. அமெரிக்காவில் ஓர் ஆண் குழந்தைக்குப் பிறந்த சில வாரங்களிலேயே மூச்சுத் தடைப்படத் தொடங்கியது. நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் கிளைக்குழல் ஒன்று வலுவின்றி இருந்தமையால், அஃது அடிக்கடி அமுங்கி மூடிக்கொண்டது. செயற்கை மூச்சுப் பொறியின் துணையிருந்தும் மூச்சு பன்முறை நின்றது; பெற்றோர் நம்பிக்கை இழக்கும் நிலையில் இருந்தனர். மிச்சிகன் பல்கலைக்கழகத்து மருத்துவர் கிளென் கிரீன் என்பாரும், அங்கிருந்த பொறியியல் அறிஞர் ஸ்காட் ஹாலிஸ்டர் என்பாரும் கூடி ஆராய்ந்தனர். உள்ளுறுப்புகளைக் குறுக்கு வெட்டாகக் காட்டும் எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு, அக்குழந்தையின் மூச்சுக்குழலை நுட்பமாக அளந்தனர். அவ்வளவுக்கேற்பச் சிறு தாங்கு குழாய் ஒன்றினைத் தூள் முறையில் அச்சிட்டனர். 2012ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அரசின் அவசர இசைவு பெற்று, அதனை மூச்சுக்குழலைச் சுற்றிப் பொருத்தித் தைத்தனர்; அமுங்கிய குழல் விரிந்தது. 21 நாள்களுக்குப் பின் மூச்சுப் பொறி நீக்கப்பட்டது. குழந்தை தானே மூச்சுவிட்டது.

அத்தாங்கு குழாயில் இரு நுட்பங்கள் போற்றத்தக்கவை. குழந்தை வளருந்தோறும் அதன் மூச்சுக்குழலும் விரியுமாதலின், தாங்கியும் உடன் விரிதல் வேண்டும் என்று அதன் ஒரு பக்கம் நெடுகிலும் பிளவாக விடப்பட்டிருந்தது. மேலும், ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் உடலுக்குள்ளேயே கரைந்துபோகும் பொருளால் அது செய்யப்பட்டிருந்தது. குழல் தானே வலுப்பெறும்வரை தாங்கிநின்று, பின்னர் மறைந்துவிட வேண்டும் என்பது அறிஞர்தம் கருத்து. அத்தகைய பொருளை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. ஏனெனில், அஃது உலகில் ஒரே ஓர் உயிருக்காக அளந்து செய்யப்பட்டது.

பல உறுப்புகளை ஒன்றாக்குதல் இத்தொழிலின் மற்றொரு சிறப்பு. லீப் என்னும் விமானப் பொறியில், எரிபொருளைத் தெளிக்கும் நுனிக்குழல் ஏறக்குறைய 20 துண்டுகளை இணைத்துச் செய்யவேண்டிய அமைப்புடையது. அதனை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ஒரே துண்டாக அச்சிட்டது. எடையும் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. சென்னையில் தோன்றிய அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக அச்சிட்ட இராக்கெட்டுப் பொறியைக் கொண்டு, 2024ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இராக்கெட்டு ஒன்றை விண்ணில் செலுத்தியது. இணைப்புகள் குறையுமானால், கசிவும் பிளவும் தோன்றும் இடங்களும் குறையும்.

எனினும், எல்லாப் பொருளையும் இவ்வாறே செய்யலாம் என்று கருதுதல் பிழை. வார்ப்புப் பொறி ஒரு வாளியைச் சிறிது நேரத்தில் வார்த்துவிடும். அடுக்கி ஆக்கும் பொறிக்கோ பல மணி நேரம் வேண்டும். அடுக்கும் அடுக்கும் சேரும் இடம் பெரும்பாலும் வலுக் குறைந்திருக்கும். பொருளின் மேற்புறத்தை மீண்டும் தேய்த்துச் சீர்செய்ய வேண்டியும் நேரும். அடி அடுக்கு பிசகினால், அதன்மேல் எழுந்த யாவும் வீணாகும். இலட்சக்கணக்கில் ஒரே பொருள் வேண்டுமிடத்து, பழைய வார்ப்பு முறையே சிறந்தது.

தொழிற்சாலைகள் பெருகாத நாளில், காலணி செய்வோர் ஒவ்வொருவர் காலையும் தனித்தனியே அளந்து தைத்தனர். பொறிகள் வந்தன, காலணி மலிந்தது, காலை அளக்கும் வழக்கம் அருகியது. மலிவு பலருக்கு நன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், யாவர்க்கும் பொதுவான அளவு பயன்படாத இடமும் வாழ்வில் உண்டு. அவ்விடத்தில் ஒருவரை அளந்து, அவர் ஒருவருக்கென்றே செய்யும் பழைய வழக்கத்தை இப்புதிய தொழில் மீட்டுத் தந்துள்ளது.