கிழங்கு கழுவின இமோ

ஜப்பானின் தெற்கே, மியாசாகி கடற்கரையை ஒட்டி கோஷிமா என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. அங்குள்ள குரங்குகளைக் கவனிப்பதற்காக ஆய்வாளர்கள் கடற்கரையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போடுவார்கள். குரங்குகள் மணலைக் கையால் தட்டிவிட்டுத் தின்னும். 1953-ல் ஒருநாள், ஒன்றரை வயதுப் பெண் குட்டி ஒன்று கிழங்கை ஓடைத் தண்ணீரில் முக்கி, மணலைக் கழுவிவிட்டுத் தின்றது. ஆய்வாளர்கள் அதுக்கு வெச்ச பேர் இமோ. ஜப்பானிய மொழியில் கிழங்குன்னு அர்த்தம்!

ஜப்பானிலேயே வளரும் என் ஏழு வயது மகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

"அப்புறம் யாருப்பா கத்துக்கிட்டாங்க?"

முதல்ல கூட விளையாடுற குட்டிகள். அப்புறம் இமோவோட அம்மா. 1958-க்குள் 2 முதல் 7 வயது வரையுள்ள 19 குரங்குகளில் 15 கிழங்கைக் கழுவ ஆரம்பித்துவிட்டன. அதைவிட மூத்த 11 குரங்குகளில் இரண்டுதான் கற்றுக்கொண்டன. அந்த இரண்டும் பெண் குரங்குகள்.

"அப்பா குரங்கெல்லாம் ஏன் கத்துக்கல?"

வளர்ந்த ஆண் குரங்குகள் குட்டிகளோட அதிகம் சேர்ந்து இருக்காது. பக்கத்துல இருந்து பார்த்தாத்தானே கத்துக்க முடியும்? இதைச் சொன்னதும், "அப்போ நீங்க சீக்கிரம் ஆபீஸ்ல இருந்து வாங்க" என்றாள்.

எங்க வீட்டில் குப்பை பிரிப்பதில் அவள்தான் இமோ. பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியைக் கழற்றணும், லேபிளை உரிக்கணும், பாட்டிலை அலசிப் போடணும் என்று பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வந்து சொன்னாள். முதலில் என் மனைவி கற்றுக்கொண்டாள், அப்புறம் நான். வெளிநாட்டில் வாழும் நம்ம வீடுகளில் இது சகஜம்தானே? ஆனாலும் ஒரு கவலை இருக்கும். எல்லாத்தையும் இவங்க வெளியே கத்துக்கிட்டா, நாம கொடுக்க என்ன மிச்சம்? தமிழ் என்ன ஆகும்?

கோஷிமா கதையின் அடுத்த பாகம் எனக்கு இங்கேதான் உதவியது. இமோவும் அவள் தோழிகளும் வளர்ந்து தாய்மார்கள் ஆனார்கள். அம்மா வயிற்றைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போன குட்டிகள், கழுவும்போது விழுந்த கிழங்குத் துண்டுகளைப் பொறுக்கித் தின்றன. கொஞ்சம் வளர்ந்ததும் தாங்களே கழுவின. யாரும் உட்கார வைத்துப் பாடம் நடத்தவில்லை. அம்மா தினமும் செய்தாள், குட்டி பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை தமிழ் வகுப்பு அதுபாட்டுக்கு நடக்கட்டும். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் நான் வீட்டில் இருப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். சமையல் என் பொறுப்பு, பேச்சு தமிழில். போன வாரம் ரசம் கொதிக்கும்போது பக்கத்தில் நின்ற மகள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "பெருங்காயம் போட்டாச்சா?"

அந்த வார்த்தையை நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.